உறுப்புக்குக் குளிர், ஆளுக்குச் சூடு

மே மாதம் திண்டுக்கல் சமவெளியில் வெயில் 38, 39 டிகிரி வரை ஏறும். பூ வாடுவதற்குள் வியாபாரத்தை முடித்துவிட வேண்டும் என்று நிலக்கோட்டைக்காரர்கள் விடிவதற்கு முன்பே மார்க்கெட்டுக்கு வந்துவிடுவார்கள். குளிர் வேண்டுமென்றால் சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ பஸ் ஏற வேண்டும். இப்படிப்பட்ட ஊர்க்காரர் ஒருவர் கல்லீரல் மாற்று அறுவைக்காக மதுரைக்கோ சென்னைக்கோ போய்ப் படுத்தால், அங்கே மயக்க மருத்துவர் ஓயாமல் கண்காணிக்கும் விஷயங்களில் ஒன்று அவர் உடம்பு குளிர்ந்துவிடாமல் இருக்கிறதா என்பது. வெளியே தார் உருகினாலும், ஆபரேஷன் தியேட்டருக்குள் அவருடைய உடல் வெப்பம் 34 டிகிரிக்கு இறங்கிவிடக்கூடும். 36-க்குக் கீழே போனாலே மருத்துவத்தில் அது தாழ்வெப்பம்.

எந்தப் பெரிய அறுவையிலும் இந்தக் கவலை உண்டு. உறுப்பு மாற்றில் அது இரட்டிப்பாகிறது. வரப்போகும் உறுப்பை ஐஸில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். அதை வாங்கிக்கொள்ளும் ஆளைச் சூட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். இரண்டும் ஒரே மேசையில் சந்திக்கிற நேரம் இந்த அறுவையின் மிகக் கடினமான நிமிடங்களில் ஒன்று.

மயக்கத்தில் கைவிட்டுப் போகும் காவல்

மூளை, நெஞ்சு, வயிறு ஆகியவை அடங்கிய உட்பகுதியில் வெப்பம் 37 டிகிரியை ஒட்டி நிற்கும். கைகால்களும் தோலும் எப்போதும் அதைவிட 2 முதல் 4 டிகிரி குறைவு. இந்த வேறுபாட்டைக் கட்டிக்காப்பது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். உள்வெப்பம் ஒரு டிகிரியில் பத்தில் சில பங்கு இறங்கினாலே அது கைகால்களின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சூட்டை உள்ளே பூட்டிவிடும். அதுவும் போதாவிட்டால் உடம்பை நடுங்க வைக்கும். நடுக்கம் என்பது தசைகள் எரிபொருளை எரித்துச் சூடு உண்டாக்கும் வேலைதான்.

மயக்க மருந்து இந்தக் காவலைத் தளர்த்திவிடுகிறது. முழு மயக்கத்தில் இருப்பவருக்கு உள்வெப்பம் 34.5 டிகிரி அளவுக்கு விழுந்த பிறகுதான் ரத்தக்குழாய்கள் சுருங்கத் தொடங்கும். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்த்துக் கொடுத்திருப்பதால் நடுங்கவும் வழியில்லை. போதாக்குறைக்கு, மருந்து கைகால்களின் ரத்தக்குழாய்களை விரித்துவிடுகிறது. உள்ளே பூட்டியிருந்த சூடான ரத்தம் குளிர்ந்த கைகால்களுக்குப் பாய்கிறது. அங்கிருந்து குளிர்ந்த ரத்தம் உள்ளே திரும்புகிறது.

இதனால் முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி விழும். இந்தச் சூட்டில் பெரும்பகுதி உடம்பை விட்டு எங்கும் போகவில்லை. வெந்நீர் அண்டாவில் ரெண்டு குடம் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால், அண்டாவிலிருந்து சூடு வெளியேறாமலேயே தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடுகிறது அல்லவா, அதே கதைதான். ஆகவே மயக்கம் கொடுத்த பிறகு போர்த்துவதை மட்டும் நம்பாமல், அதற்கு அரை மணி நேரம் முன்பே கைகால்களைச் சூடேற்றி வைக்கிறார்கள். கலக்கப்போகும் தண்ணீர் முன்னமே வெதுவெதுப்பாக இருந்தால் அண்டாவின் சூடு அவ்வளவாக இறங்காது.

அடுத்த இரண்டு, மூன்று மணி நேரத்தில் உடம்பு உண்மையிலேயே சூட்டை இழக்கத் தொடங்குகிறது. தியேட்டரில் ஏ.சி. 21 டிகிரியை ஒட்டி இருக்கும். முகமூடி, தொப்பி, கவுன், இரட்டைக் கையுறை என்று மூடிக்கொண்டு பளிச்சென்ற விளக்கின் கீழ் பத்து மணி நேரம் நிற்கும் அறுவை மருத்துவருக்கு அந்தக் குளிர் தேவை. மேசையில் ஆடையில்லாமல் கிடப்பவருக்கு அது எதிரி. சூட்டின் பெரும்பகுதி கதிர்வீச்சாகவே போகிறது. மீதியை மேலே வீசும் காற்றும், தோலில் தடவிய ஸ்பிரிட் ஆவியாவதும், திறந்து கிடக்கும் வயிற்றின் ஈரமும் எடுத்துக்கொள்கின்றன.

கல்லீரல் சுருங்கிப்போன நோயாளிக்கு நிலைமை இன்னும் மோசம். நோயின் போக்கிலேயே அவருடைய ரத்தக்குழாய்கள் விரிந்து கிடக்கும். மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிட முடியாமல் தசை கரைந்திருக்கும். சூடு உண்டாக்கும் இடம் குறைவு, சூடு போகும் வழி அதிகம்.

ஒரு சின்னக் கணக்கு

ரத்த வங்கியில் சிவப்பணுப் பைகளை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்திருப்பார்கள். 4 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் ரத்தத்தை 37 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 30 கிலோ கலோரி வேண்டும். ஓய்வில் இருக்கும் உடல் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பமே சுமார் 70 கிலோ கலோரிதான். மயக்கத்தில் அது இன்னும் குறையும். ஆக, இரண்டு லிட்டர் ரத்தத்தைச் சூடாக்காமல் அப்படியே ஏற்றினால், உடம்பின் ஒரு மணி நேரச் சம்பாத்தியம் முழுவதும் அந்த ரத்தத்தைச் சூடாக்கவே செலவாகிவிடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் இறங்கும். கல்லீரல் மாற்றில் ரத்தப்போக்கு கட்டுமீறினால் இரண்டு லிட்டரைத் தாண்டுவது அரிதல்ல.

ஐஸ் பெட்டிக்குள் நடப்பது

உறுப்புக்கு மட்டும் குளிர் எதற்கு? ரத்த ஓட்டம் நின்ற உறுப்புக்கு ஆக்சிஜன் இல்லை. ஆனால் செல்கள் வேலையை நிறுத்துவதில்லை; கையிருப்பைத் தின்றுகொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அந்த வேலை ஏறக்குறைய பாதியாகக் குறையும். 4 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். அதனால்தான் உறுப்பை எடுத்ததும் குளிர்ந்த திரவத்தால் கழுவி, பைக்குள் பையாகக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, போலீஸ் வழிவிட ஆம்புலன்ஸில் கொண்டுபோகிறார்கள். அந்தத் திரவத்தில் பெயர்பெற்றது 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சவுத்தர்டும் உருவாக்கியது. இதயத்துக்கு நான்கைந்து மணி நேரம், கல்லீரலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை, சிறுநீரகத்துக்கு ஒரு நாளைத் தாண்டியும் என்று குளிர் வாங்கித் தரும் அவகாசம் உறுப்புக்கு உறுப்பு மாறும்.

இந்த அவகாசத்துக்கு ஒரு விலை உண்டு. குளிரில் செல்லின் உப்புப் பம்புகள் ஓய்ந்துவிடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசியக்கூடும். அதைத் தடுக்க விஸ்கான்சின் திரவத்திலேயே பொட்டாசியத்தை நிறையச் சேர்த்திருக்கிறார்கள். அமிலமும் தேங்குகிறது. இவ்வளவும் உறுப்போடு சேர்ந்து தியேட்டருக்கு வருகின்றன.

கிளாம்பைத் திறக்கும் நிமிடம்

நோயாளியின் பழைய கல்லீரலை வெட்டி எடுத்த பிறகு, புதியதை இணைத்து முடிக்கும் வரை உடம்பில் கல்லீரலே இல்லாத ஒரு கட்டம் இருக்கிறது. ஓய்வில் உடல் உண்டாக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கல்லீரலுடையது. அந்த அடுப்பு இப்போது அணைந்துவிட்டது. ரத்தப் பைகளில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்த சிட்ரேட்டை அகற்றுவதும் கல்லீரல்தான். அது இல்லாததால் சிட்ரேட் தேங்கி, ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் குறைந்தால் இதயம் தளரும், ரத்தம் உறைவதும் கெடும். இதயத்தைத் தளரவிடுவதிலும் உறைவைக் கெடுப்பதிலும் குளிரும் இதோடு கைகோத்துக்கொள்ளும்.

ரத்தக்குழாய்களைத் தைத்து முடித்ததும் அறுவை மருத்துவர், "திறக்கலாமா?" என்று கேட்பார். மயக்க மருத்துவர் உடனே தலையாட்ட மாட்டார். மானிட்டரில் வெப்பம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, கால்சியம் ஏற்றியாயிற்றா, ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்து சிரிஞ்சில் தயாரா என்று ஒருமுறை ஓட்டிப்பார்ப்பார். அதற்கு முன்பே கல்லீரலில் தேங்கிய திரவத்தைக் கழுவி வெளியேற்றியிருப்பார்கள். பிறகு, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையை இறுக்கியிருந்த கிளாம்ப் மெல்லத் திறக்கும். வெளிறிக் கிடந்த கல்லீரல் ஓரத்திலிருந்து சிவந்துகொண்டு வரும். கழுவியும் மிஞ்சிய குளிர்ந்த, அமிலமும் பொட்டாசியமும் கலந்த ரத்தம் நேராக இதயத்தின் வலப்பக்கத்துக்குப் போகும்.

ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு ஐஸ் குளிரிலேயே வந்தால், அதைச் சூடாக்க மட்டும் நோயாளியின் உள்வெப்பம் அரை டிகிரிக்கு மேல் செலவாகும். ஏற்கெனவே 34-இல் இருப்பவருக்கு அது தாங்காது. துடிப்பு மந்தமாகும், ஒழுங்கு தப்பும், சில சமயம் நின்றும் போகும். முதல் ஐந்து நிமிடங்களுக்குள் ரத்த அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல் விழுந்து ஒரு நிமிடமாவது நீடித்தால் அதற்குத் தனிப் பெயரே உண்டு. இதை 1980களில் விவரித்தது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழு. 1963-இல் மனிதரில் முதல் கல்லீரல் மாற்றைச் செய்த தாமஸ் ஸ்டார்சல் அப்போது அங்கேதான் இருந்தார். 36.5-இல் நிற்பவருக்கு அதே அரை டிகிரி இழப்பு சமாளிக்கக்கூடியது. முந்தைய நான்கைந்து மணி நேரமும் சூட்டைக் காத்ததன் பலன் இந்த இரண்டு நிமிடங்களில் தெரியும்.

ஒன்றரை டிகிரி என்ன செய்துவிடும்?

குளிரில் தட்டணுக்கள் சரியாக ஒட்டாது. ரத்தத்தை உறைய வைக்கும் நொதிகள் மந்தமாகும். 1996-இல் இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் நடந்த ஒரு சோதனையில், 1.6 டிகிரி குளிர்ந்தவர்கள் சூடாக வைக்கப்பட்டவர்களைவிட அரை லிட்டர் அதிக ரத்தம் இழந்தார்கள். இதில் ஒரு பொறியும் இருக்கிறது. உறைவுப் பரிசோதனைக்கு அனுப்பும் ரத்தத்தை லேப் 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் சோதிக்கிறது. நோயாளி 34 டிகிரியில் ரத்தம் ஒழுகக் கிடக்க, ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரும். அங்கே ரத்தம் ஏற்றுவதோடு நிற்காமல் உடம்பையும் சூடாக்கியாக வேண்டும்.

அதே 1996-இல் ஆன்ட்ரியா கர்ஸ், டேனியல் செஸ்லர் குழு 200 பெருங்குடல் அறுவை நோயாளிகளிடம் செய்த ஆய்வு இத்துறையில் திருப்புமுனை. 34.7 டிகிரி வரை குளிர்ந்தவர்களில் 19 சதவீதத்தினருக்கு அறுவைப் புண்ணில் சீழ் பிடித்தது, 36.6-இல் வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்குத்தான். குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, புண்ணுக்கு ஆக்சிஜன் போவதில்லை, வெள்ளணுக்கள் சோர்கின்றன. உறுப்பு மாற்று நோயாளிக்கு நோய் எதிர்ப்பை மட்டுப்படுத்தும் மருந்துகளை வேறு வேண்டுமென்றே கொடுக்கிறார்கள். புதிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அது அவசியம். கிருமிக்கு ஏற்கெனவே பாதிக் கதவு திறந்திருக்கிறது. குளிர் மீதியையும் திறந்துவிடும்.

ஆனால் சூட்டையும் அளவோடுதான் துரத்த வேண்டும். 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பெரும்பாலும் சீன மருத்துவமனைகளில், 5,056 பேரிடம் நடந்தது. உள்வெப்பத்தை 37-இல் வைத்தவர்களுக்கும் 35.5-இல் வைத்தவர்களுக்கும் இதயப் பாதிப்பு, புண் தொற்று, மரணம் ஆகியவற்றில் குறிப்பிடும்படியான வேறுபாடு தென்படவில்லை. ஆகவே 35.5-ஐ இழக்காமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். சிறிய அறுவைகளில் அது சுலபம். கல்லீரல் மாற்றில் கொஞ்சம் அசந்தால் 34-இல் போய் நிற்கும் என்பதால்தான் 36-க்கு மேல் கையிருப்பு வேண்டியிருக்கிறது.

காற்றுப் போர்வை

தியேட்டரில் 'வார்மர்' என்று சுருக்கமாகச் சொல்வது பெரும்பாலும் சூடான காற்றை ஊதும் கருவியை. மேசையருகே ஒரு சின்ன ஊதுபெட்டி. அதிலிருந்து தடித்த குழாய். குழாயின் முனையில் காகிதமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது போன்ற மெல்லிய போர்வை. போர்வை இரட்டை அடுக்கு. உடம்பைத் தொடும் அடுக்கில் வரிசையாகச் சின்னத் துளைகள். பெட்டியை ஓடவிட்டால் போர்வை உப்பி, அதிகபட்சம் 43 டிகிரிச் சூட்டில் காற்று துளைகள் வழியாகத் தோலின் மேல் பரவும். அமெரிக்க மயக்க மருத்துவர் ஸ்காட் அகஸ்டின் 1980களின் கடைசியில் கொண்டுவந்த 'பேர் ஹக்கர்' இந்த வகையின் முன்னோடி.

சிறுநீரக மாற்றில் வெட்டு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில்தான்; மார்பும் கைகளும் முழுக்கப் போர்வைக்குக் கிடைக்கும். கல்லீரல் மாற்றில் விலா எலும்பின் அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை திறந்திருக்கும். மேலே ஒரு துண்டு, கால்களில் ஒரு துண்டு என்று போர்வையைப் பிரித்துப் போட வேண்டும். கீழே வெந்நீர் ஓடும் மெத்தையும் வைப்பார்கள். ஏற்றும் டிரிப்ஸும் ரத்தமும் சூடாக்கும் கருவி வழியாகத்தான் வர வேண்டும். ரத்தம் கொட்டும் நேரத்துக்கென்று, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான மில்லிலிட்டரைச் சூடாக்கியே தள்ளும் கருவி தனியாக உண்டு. வெப்பம் பார்க்க அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் பயன்படாது. உணவுக்குழாய்க்குள் மெல்லிய கம்பி போன்ற உணர்வியை இறக்குகிறார்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. மயக்கத்தில் இருப்பவருக்குச் சுடுவது தெரியாது. வெந்நீர் பாட்டிலையோ சூடாக்கிய டிரிப்ஸ் பாட்டிலையோ உடம்போடு ஒட்டி வைத்தால் தோல் வெந்துவிடும். போர்வையை மாட்டாமல் குழாயை மட்டும் துணிக்குள் சொருகினாலும் அதே ஆபத்து. ரத்தப் பையைக் கொதிநீரில் போட்டால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும்.

குழந்தைகளிடம் இந்த வேலை இன்னும் கடினம். எடையோடு ஒப்பிட்டால் அவர்களுக்குத் தோல் பரப்பு அதிகம்; சூடு வேகமாகப் போகும். 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று நடந்தது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்குத் தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து இன்று மருத்துவர்.

கொடுப்பவரின் சூடு

2008-இல் சாலை விபத்தில் மூளைச்சாவடைந்த பதின்வயது ஹிதேந்திரனின் உறுப்புகளைப் பெற்றோர் தானமாகக் கொடுத்தது தமிழ்நாட்டையே பேச வைத்தது. உறுப்பு தானம் செய்பவரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று 2023 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அந்தக் கொடையிலும் வெப்பத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது. மூளை இறந்தால் ஹைப்போதலாமஸும் போய்விடும். உடம்பு அறையின் குளிருக்கே இறங்கத் தொடங்கும். குளிர்ந்த உடலில் மூளைச்சாவைச் சோதிப்பதும் தவறு. ஆழ்ந்த குளிரே மூளையை அசைவற்றதாகக் காட்டிவிடும் என்பதால், உடம்பைச் சூடாக்கிய பிறகே சோதனை. குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் அது இரண்டு முறை நடக்கும்.

அதன் பிறகு ஒரு திருப்பம். மூளைச்சாவு உறுதியான கொடையாளியை 34-35 டிகிரியில் வைத்திருந்தால் சிறுநீரகம் புதிய உடலில் வேலை தொடங்குவதில் தாமதம் குறைவதாக 2015-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. சூடாக வைத்த கொடையாளிகளின் சிறுநீரகங்களில் 39 சதவீதம் தொடக்கத்தில் சுணங்கின. குளிர வைத்தவர்களுடையவற்றில் 28 சதவீதம். எட்டு ஆண்டுகள் கழித்து வந்த மற்றோர் ஆய்வு, எடுத்த சிறுநீரகத்தில் கருவி மூலம் குளிர்ந்த திரவத்தை ஓடவிடுவது கொடையாளியைக் குளிர வைப்பதைவிட மேல் என்றது. கல்லீரலையோ இப்போது ஐஸில் வைக்காமல், 37 டிகிரியில் ரத்தத்தை ஓட்டி உயிரோட்டத்தோடு வைக்கும் கருவிகள் வந்துவிட்டன. அப்படி வைத்த உறுப்புகளில் சேதம் குறைவு என்று 2018-இல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. அவை பரவலானால் கிளாம்ப் திறக்கும் நிமிடத்தின் குளிர் ஒருநாள் பழங்கதையாகலாம். இப்போதைக்கு விலை எட்டாத உயரம்.

திண்டுக்கல்லுக்கு என்ன?

இந்தச் சமவெளியிலிருந்து சிறுநீரக மாற்றுக்குப் போகிறவர்களுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனை மதுரை ராஜாஜி மருத்துவமனை. அரசுத் துறையில் கல்லீரல் மாற்று செய்யும் இடங்களில் ஒன்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனை. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் இவற்றுக்கு இடமுண்டு. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. உறுப்பு மாற்று என்றால் கோடிக்கணக்கில் கருவிகள், டஜன் கணக்கில் நிபுணர்கள் என்று நினைக்கிறோம். அதில் நோயாளியைச் சூடாக வைக்கும் பகுதி மட்டும் எந்த மாவட்ட மருத்துவமனைக்கும் கைக்கெட்டுவது: ஓர் ஊதுபெட்டி, டிரிப்ஸைச் சூடாக்கும் கருவி, வெப்பம் பார்க்கும் உணர்வி, அதைக் குறித்துவைக்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ்.

அதற்குத் தேவை தினமும் இருக்கிறது. சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி இடுப்புக்குக் கீழே ரத்தக்குழாய்களை விரித்துவிடும். கால்கள் கதகதவென்று இருப்பதால் தாய்க்குக் குளிர்வதே தெரியாது. உள்வெப்பம் மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். பிரசவம் முடிந்து வெளியே வந்ததும் பல் கிட்டுவது அதனால்தான். அதைப் பார்த்து வீட்டார், "ஜன்னி கண்டுருச்சோ" என்று பயப்படுவார்கள். இடுப்பு எலும்பு முறிந்து வரும் முதியவருக்கும், குடல் அறுவைக்கு வருகிறவருக்கும் இதே விதிதான்.

அறுவைக்கு முந்தைய வார்டில் நோயாளி மெல்லிய கவுனோடு ஏ.சி.யில் காத்திருந்தால் போர்வை கேட்டு வாங்கிப் போர்த்துங்கள். அந்த அரை மணி நேரச் சூடு உள்ளே ஒன்றரை டிகிரி விழுவதைக் குறைக்கும். குளிர்கிறது என்று அவர் சொன்னால், "வெளியே இந்த வெயிலடிக்குது, உனக்கென்ன குளிரு" என்று தட்டிக்கழிக்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள். மயக்க மருத்துவர் முன்கூட்டியே பார்க்க வரும்போது, வார்மர் போடுவார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ரத்த குரூப்பைக் கேட்பது போல அதுவும் கேட்க வேண்டிய கேள்வி.